பந்தயக் காரும் எண்ணெய்ப் படலமும்

கட்டை வண்டியே நெடுவழிக்குத் துணையாயிருந்த காலத்தில், பயணம் புறப்படுமுன் அச்சுக்கு மை இடுவது வண்டியோட்டியின் முதற்கடமை. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயிற் குழைத்த அந்த மை, ஒரு மூங்கிற் குழாயில் வண்டியோடு தொங்கும். மை தீர்ந்துவிட்டால் அச்சு முனகும்; மாடுகள் திணறும்; வண்டி மெல்ல மெல்ல நின்றுவிடும். அதற்குமேல் பெருந்தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

ஆனால், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வளைவு திரும்பும் ஒரு பந்தயக் காரை எண்ணிப் பாருங்கள். அதன் எஞ்சினில் ஓடும் எண்ணெய் சில நொடி தடைப்பட்டாலும் போதும். உள்ளே சுழலும் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறி ஒட்டிக்கொள்ளக்கூடும். எஞ்சின் அவ்வாறு இறுகினால், அதனோடு பிணைந்த சக்கரங்களும் பூட்டியவைபோல் நின்றுவிடும். அக்கணமே கிளட்சை மிதித்துச் சக்கரங்களை விடுவிக்காவிடில் கார் ஓட்டுபவரின் கைக்கு அடங்காது. ஆகவே, எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டிய வரலாறு மனித உயிரைக் காத்த வரலாறும் ஆகும். அவ்வரலாற்றின் சில கட்டங்களை இப்பேச்சில் நாம் காண்போம். ஓர் உறுப்பில் பெற்ற முன்னேற்றம் மற்றோர் உறுப்பின் குறையை வெளிப்படுத்திவிடும் என்ற உண்மை அதில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதையும் கவனிப்போம்.

எண்ணெய் இட்டால் உராய்வு குறையும் என்பதைப் பண்டைக் காலத்திலேயே மக்கள் அறிந்திருந்தனர். ஏன் குறைகிறது என்பதோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரையில் தெளிவாகவில்லை. இங்கிலாந்தில் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் சார்பில் பீச்சம் டவர் என்பவர், இரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளை ஆராய்ந்து, 1883-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்கவேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வெளியேறிற்று. மர முளையை அடித்தார், அதுவும் நில்லவில்லை. பின்னர் அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரையில் காட்டவல்ல அக்கருவியின் முள், அவ்வெல்லையையும் கடந்து சென்றது. அச்சின்மீது அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டே.

இவ்வியப்புக்கு விளக்கம் தந்தவர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர். சுழலும் தண்டு தன்னைச் சூழ்ந்த எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு, குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் ஆப்புப் போல் செலுத்துகிறது. அதனால் எழும் அழுத்தமே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று அவர் 1886-இல் கணித முறையில் நிறுவினார். கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றதும் அதே ஆண்டில்தான். நன்கு ஓடும் எஞ்சினில் உலோகம் உலோகத்தின்மீது ஓடுவதில்லை. எண்ணெயின்மீது மிதந்து ஓடுகிறது. அப்படலமோ தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இராது. தண்டு தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு இடைவிடாது எண்ணெய் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ‘இடைவிடாது’ என்னும் ஒரு சொல்லை நிறைவேற்றுவதற்கே அடுத்துவந்த பொறியாளர்கள் பெரும்பாடு பட்டனர்.

முதற்கால மோட்டார் வண்டிகளில், கண்ணாடிக் குப்பிகளிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டின் வேகத்தை ஓட்டுபவரே திருகித் திருத்தவேண்டும். அடுத்து, எஞ்சினின் அடிப்பகுதியில் எண்ணெயைத் தேக்கி, சுழலும் பாகங்களே அதை வாரி இறைத்துக்கொள்ளும் முறை பரவிற்று. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் எண்ணெய்ப் பம்பே கிடையாது. சமவெளியில் அது குறைவின்றி ஓடிற்று. நெடிய மேட்டில் ஏறும்போதோ, எண்ணெய் பின்புறம் சரிந்து, முன்புறப் பேரிங் வறண்டு போவதுண்டு. தேங்கிய எண்ணெய் காரின் அசைவுக்கேற்ப இடம் பெயரும் என்ற இக்குறையே, பின்னாளில் பந்தயக் களத்தில் பேருருக் கொண்டது.

அக்காலப் பந்தயங்களில் நமக்கு நன்கு பழக்கமான ஓர் எண்ணெய் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதுதான் விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையிலிருந்து பிழியும் இவ்வெண்ணெய் பெட்ரோலுடன் எளிதிற் கலப்பதில்லை. வெப்பத்தில் உலோகத்தை விடாமற் பற்றி நிற்கும் இயல்பும் உடையது. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் சிலிண்டர்கள் யாவும் சேர்ந்தே சுழலும் எஞ்சின்கள் இருந்தன. அவற்றுக்கு விளக்கெண்ணெயே ஊட்டப்பட்டது. ஒரு முறை உள்ளே சென்ற எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியேறிவிடும். ‘காஸ்ட்ரால்’ என்ற வணிகப் பெயரும் விளக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆயினும், நாளடைவில் பிசின்போல் கட்டி எஞ்சினுக்குள் படிவது இதன் குறை. ஆகவே அன்றாடக் கார்களுக்கு நில எண்ணெயே பொருத்தமாயிற்று. விளக்கெண்ணெயின் தனி மணம் பந்தயக் களத்தில் மட்டும் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இதற்கிடையில் பம்பின் உதவியால் எண்ணெயை அழுத்தத்தோடு ஊட்டும் முறை வளர்ந்தது. 1890-களில் பர்மிங்ஹாம் நகரத்துப் பெல்லிஸ் தொழிற்சாலை நீராவி எஞ்சின்களில் இதைக் கையாண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாங்செஸ்டர் போன்றோர் இதை மோட்டார் காருக்குக் கொண்டுவந்தனர். கிராங்க் தண்டினுள் குடைந்த துளைகளின் வழியே ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் சென்றது. வேலை முடிந்த எண்ணெய் ‘சம்ப்’ எனப்படும் அடித்தொட்டியில் வடிந்தது. பம்பு அதை மீண்டும் உறிஞ்சி மேலே அனுப்பிற்று. இன்றும் நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் இம்முறையே உள்ளது.

சாலையில் இம்முறைக்கு ஒரு குறையும் இல்லை. பந்தயக் களத்தின் நிலை வேறு. டயர்கள் திருந்தின, சாலையை அவை பற்றும் வலிமை பெருகிற்று. கார் முன்னிலும் விரைவாக வளைவு திரும்பியது. திரும்பும் காரின்மீது அதன் எடைக்குச் சமமான பக்கவிசை தாக்குமானால், அடித்தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் எண்ணெய் ஏறிக்கொள்ள, பம்பின் வாய் வெறும் காற்றை உறிஞ்சும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழல்கிறதென்றால், ஒரு நொடியில் 100 சுற்று ஆகிறது. நீண்ட வளைவு ஒன்றைக் கடக்க ஐந்து நொடி பிடித்தால், 500 சுற்றுகளைப் பேரிங்குகள் எஞ்சிய எண்ணெயைக் கொண்டே சமாளிக்க வேண்டும். நல்ல டயரைப் பூட்டியதன் பயன் எஞ்சினுக்குக் கேடாய் முடிந்தது.

வெப்பமும் இத்துடன் சேர்ந்துகொண்டது. பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காரை ஓட்டப் பயன்படுகிறது என்பது பொதுவான கணக்கு. மீதியில் பெரும்பகுதி புகையோடு போகிறது. எஞ்சியதை ரேடியேட்டர் நீரும் எண்ணெயும் சுமக்கின்றன. நீர் சென்று தொட இயலாத பிஸ்டனின் அடிப்புறத்தையும் பேரிங்குகளையும் எண்ணெயே குளிர்விக்க வேண்டும். சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப் போகும். சாதாரண 30-ஆம் எண் எண்ணெய், 40 பாகை செல்ஷியசில் இருந்த தடிப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் 100 பாகையில் தேறும். இன்னும் சூடேறினால் படலம் மெலியும். எண்ணெயும் காற்றோடு வினைபுரிந்து விரைவில் கெடும். எண்ணெயை இடைவிடாது ஊட்டுவதும், அளவறிந்து குளிர்விப்பதும் இவ்வாறு இரட்டைக் கடமைகளாயின.

இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பித்த பள்ளி, பிரான்சு நாட்டின் லே மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயம். அதன் நெடிய நேர்ச்சாலையில் அந்நாளில் கார்கள் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரம் முழுவிசையோடு பறக்கும். முடிவில் கடுமையாகப் பிரேக் பிடித்துத் திரும்பும். இரவும் பகலும் ஓயாது இவ்வாறு ஓடும் எஞ்சினில் உள்ள சிறு குறையும் மறைந்திருக்க இயலாது.

1951-இல் அங்கு வெற்றி பெற்ற பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனம், 1952-இல் ஒரு பாடம் கற்றது. அவ்வாண்டு மே மாதம் இத்தாலியில் நடந்த ‘மில்லே மில்லியா’ பந்தயத்தில், மெர்சிடஸ் 300 எஸ்.எல். காரின் வேகத்தைக் கண்ட ஸ்டர்லிங் மாஸ், லே மானுக்கு இன்னும் அதிக வேகம் வேண்டுமென்று நிறுவனத்தாருக்குச் செய்தி அனுப்பினார். சில வாரங்களுக்குள் காரின் முகப்பைத் தாழ்த்தி நீட்டினர். அதற்கேற்ப ரேடியேட்டரையும் நீர்க்குழாய்களையும் மாற்றி அமைத்தனர். விளைவு என்ன? அனுப்பிய மூன்று கார்களும் வெப்ப மிகுதியால் துன்புற்று, பந்தயத்தின் முற்பகுதியிலேயே விலகிவிட்டன. மெர்சிடஸ் வென்றது. பின்னர்ச் சோதித்தபோது, புதிய முகப்பைக் காட்டிலும், அவசரமாக மாற்றிய குழாய்களும் நீர்ப் பம்பின் அமைப்புமே பெருங்குற்றவாளிகள் என்று தெரிந்தது. நீர் போதிய அளவில் சுழலவில்லை. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் வாய்த்தது. வெப்பத்தை வெளியேற்றும் வழி அடைபட்டது.

அடுத்த ஆண்டு பழைய முகப்போடும், டிஸ்க் பிரேக் என்னும் புதிய தடை அமைப்போடும் வந்த ஜாகுவார் வெற்றியை மீட்டது. பிரேக்கின் வலிமை கூடக்கூட, அடித்தொட்டி எண்ணெய் முன்னோக்கிப் பாய்வதும் கூடும் அல்லவா? 1954-இல் தோன்றிய ஜாகுவார் ‘டி’ வகைக் காரில் அடித்தொட்டியில் எண்ணெயைத் தேக்கும் வழக்கத்தையே கைவிட்டனர். ‘டிரை சம்ப்’, அதாவது உலர் அடித்தொட்டி என்ற முறையை மேற்கொண்டனர். விமான எஞ்சின்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் முன்பே வேரூன்றியிருந்த முறை இது.

இதன் இயல்பை அறிய நாம் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. சென்னைத் திருவொற்றியூரில் 1950-களில் உற்பத்தி தொடங்கிய பழைய ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளிலேயே இரண்டு எண்ணெய்ப் பம்புகள் இருந்தன. ஒன்று எண்ணெய் அறையிலிருந்து பேரிங்குக்கு ஊட்டும். மற்றொன்று அடியில் வடிந்த எண்ணெயை உறிஞ்சி அவ்வறைக்கே திருப்பும். பந்தயக் காரிலும் தத்துவம் இதுவே. அடியில் வடியும் எண்ணெயை உறிஞ்சும் பம்புகள் உடனுக்குடன் வாரி, உயரமான தனித் தொட்டிக்கு அனுப்பிவிடும். அந்த எண்ணெயோடு காற்றும் நுரையும் கலந்து வருவதால், உறிஞ்சும் பம்புகளின் கொள்திறன் ஊட்டும் பம்பினுடையதைவிடப் பெரிதாயிருத்தல் வேண்டும். உயர்ந்து ஒடுங்கிய தொட்டியில் காற்று பிரிந்து மேலே செல்லும். நுரையற்ற எண்ணெய் கீழே தங்கும். கார் எப்பக்கம் சாய்ந்தாலும் தொட்டியின் அடிவாயில் எண்ணெய் நின்றுகொண்டேயிருக்கும். ஆழமான அடித்தொட்டி தேவையற்றுப் போனதால் எஞ்சினையும் தாழ்த்தி அமைக்கலாம். காரின் உயரமும் குறையும். ‘டி’ வகைக் கார் இவ்விரு நன்மைகளையும் ஒருங்கே பெற்றது. 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளும் லே மானில் அக்காரே வென்றது.

குளிர்ச்சி மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணுவோர்க்கு, மறுபக்கத்துப் போட்டியாளரின் கதை மறுமொழியாகும். பந்தயக் காரின் வழித்தோன்றலாக 1954-இல் மெர்சிடஸ் நிறுவனம் பொதுச் சாலைக்கென ஒரு 300 எஸ்.எல். காரை வெளியிட்டது. பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை உடைய அக்கார் 1400 மட்டுமே செய்யப்பட்டது. அதற்கும் உலர் அடித்தொட்டி, பெரிய எண்ணெய்க் கூலர், 10 லிட்டருக்குக் குறையாத எண்ணெய் ஆகிய அனைத்தும் இருந்தன. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பும் இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், எஞ்சின் முற்றிலும் ஓயும்வரை அந்தப் பம்பு பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத அப்பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிக் கலந்துவிடும். நெடும் பந்தயத்தில் எண்ணெய் சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். கடைத்தெருவுக்குச் சென்று திரும்பும் சிறு பயணத்திலோ, அவ்வளவு எண்ணெயும் அவ்வளவு பெரிய கூலரில் சூடேறவே இல்லை. எண்ணெய் பெட்ரோல் கலந்து நீர்த்துப் போயிற்று. ஆகவே உரிமையாளர்கள் பலர் கூலருக்குக் காற்று செல்லும் வழியை மறைத்து வைத்தனர். 1952-இல் ஒருவர் குளிர்ச்சி போதாமல் தோற்றார். வென்றவரின் கார் சாலைக்கு வந்தபோது குளிர்ச்சி மிகுந்து துன்பம் தந்தது!

எண்ணெயையே குளிர்ச்சிக்குப் பெருந்துணையாக நம்பிய கார் ஜெர்மனியின் போர்ஷே 911. 1963-இல் மக்கள் பார்வைக்கு வந்த இக்காருக்கு 1990-களின் பிற்பகுதி வரையில் நீர் ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றும் எண்ணெயுமே வெப்பத்தை அகற்றின. எஞ்சினின் ஆற்றல் உயர்ந்தபோது, பின்புறத்து எஞ்சினிலிருந்து முன்சக்கரத்து அருகுவரை குழாய் இழுத்து, அங்கே இன்னொரு கூலரை வைத்தனர். 1972-ஆம் ஆண்டுக் கார்களில் எண்ணெய்த் தொட்டியை இடம் மாற்றி, அதை நிரப்பும் மூடியைக் கதவுக்குப் பின்னால் வெளிப்புறத்தில் அமைத்தனர். பெட்ரோல் நிலையத்தார் அதையே பெட்ரோல் வாய் என்று மயங்கி எண்ணெய்த் தொட்டியில் பெட்ரோலை ஊற்றிய நிகழ்ச்சிகள் உண்டாகவே, அடுத்த ஆண்டே அவ்வமைப்பு கைவிடப்பட்டது. பயன்படுத்துவோரின் பழக்கத்தையும் எண்ணித்தான் பொறியாளர் வேலை செய்யவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் இக்கலைக்கு ஒரு மரபு உண்டு. கல்கத்தாவை அடுத்த பாரக்பூர், பம்பாயின் ஜுஹு, சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஆகிய இடங்களின் விமான ஓடுதளங்களில், விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகளில் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் ஓடியவை பெரும்பாலும் குடும்பத்தார் சென்றுவரும் ஃபியட் போன்ற கார்களே. அவற்றைப் பந்தயத்துக்கு ஏற்பத் திருத்தியவர்கள் நம் மெக்கானிக்குகளே. 1980-களில் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அத்தகைய ‘ஃபார்முலா மாருதி’ காரில் 1990-களின் தொடக்கத்தில் திருப்பெரும்புதூர்க் களத்தில் பழகிய அவ்வூர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2011-இல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றபோது அவரும் அதில் ஓட்டினார்.

இன்று அன்றாடக் காரையே பந்தயத் தடத்துக்குக் கொண்டுசென்று ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் இளைஞரிடையே பெருகியிருக்கிறது. அவர்களுக்கு இவ்வரலாறு வகுத்துத் தரும் வரிசை ஒன்று உண்டு. முதலில் அறிதல் வேண்டும்; எண்ணெயின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் மானிகளைப் பொருத்துவதே முதற்படி. வளைவில் அழுத்தமானியின் முள் சட்டென இறங்குமானால், பேரிங் பசியால் வாடுகிறது என்று பொருள். அடுத்து, அடித்தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளையும், எண்ணெயைப் பம்பின் பக்கம் மட்டும் செல்லவிடும் சிறு கதவுகளையும் அமைத்தல். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுவது இதற்கு மாற்றாகாது. கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். மூன்றாவதாக, கூலர். அது காற்று புகும் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. புகுந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். எண்ணெய் சூடாகும்வரை கூலரின் பக்கம் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். அழுத்தத்தோடு சிறிது எண்ணெயைச் சேமித்து வைத்து, தட்டுப்பாடு நேரும் நொடியில் ஊட்டும் துணைக் கலமும் உண்டு. இவற்றாலும் தீராத இடத்தில்தான் உலர் அடித்தொட்டி தேவைப்படும். செலவும் அதற்கே மிகுதி.

புனே, ஜாம்ஷெட்பூர், குர்கான் முதலிய தொழில் நகரங்களில் மோட்டார்த் தொழிலில் ஈடுபட்டுள்ள நம்மவர்க்கு இவ்வுண்மைகள் கைப்பழக்கத்தால் தெரிந்தவையாகவே இருக்கும். பந்தயத்தில் வென்றவரின் பெயர் ஏடுகளில் ஏறுகிறது, நாடறியப் பேசப்படுகிறது. அவர் உயிரோடு திரும்பிவருவதற்குத் துணைநின்றவர்களில் தொட்டிக்குள் ஒரு தகட்டைப் பற்றவைத்தவரும், குழாய் மூட்டை இருமுறை சோதித்தவரும், எண்ணெய் மட்டத்தை அளவறிந்து நிறுத்தியவரும் உண்டு. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. மயிரிழையினும் மெல்லிய ஒரு படலம் அறுந்துபோகாமற் காத்தார்கள் என்பதே அவர்கள் வரலாறு. அதனை அறிந்து போற்றுவது நம் கடமையாகும்.